அட்டைக்கு ஏற்ற நீலம்

முப்பது வருஷமாகப் புத்தகம் கட்டுகிறவர் அதில் ஒன்றைக்கூடப் படித்ததில்லை என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் நம் பைண்டர் அப்படித்தான். பக்க எண்ணைப் பார்ப்பார், ஓரம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார், தாள் தலைகீழாக மடிந்துவிட்டதா என்று பார்ப்பார். அதற்கு மேல் ஓர் எழுத்தைப் பார்த்தாலும் கை நின்றுவிடும் என்பது அவர் கட்சி. கணக்குப் புத்தகமோ சட்டப் புத்தகமோ அவருக்கு எல்லாம் ஊசி, நூல், பசைதான். தொழில் கற்றுக்கொண்ட நாள் முதல் காப்பாற்றிவந்த இந்த ஒழுக்கத்தில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. அந்தப் பெருமைதான் அவர் பேத்தியைக் கொல்லப் பார்த்தது.

வட்டார நிலத்தடி மற்றும் மேற்பரப்பு நீர்வள ஆய்வு மையம் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஓர் அறிக்கை வெளியிடும். மூன்று தொகுதி. முதல் தொகுதியில் இயக்குநரின் முன்னுரையும் இயக்குநரின் படங்களும். இரண்டாம் தொகுதியில் எந்தத் தெரு, எந்த வீட்டுக் கிணறு, அதற்கு என்ன எண் என்ற பட்டியல். மூன்றாம் தொகுதியில் அந்த எண்களின் தண்ணீரில் என்னென்ன கலந்திருக்கிறது என்ற பட்டியல். இரண்டாம் தொகுதியைத் தயாரிக்கிறவர் மூன்றாம் தொகுதியைப் பார்க்கக் கூடாது, மூன்றாமவர் இரண்டாவதைப் பார்க்கக் கூடாது என்பது விதி. இரண்டையும் ஒரே ஆள் பார்த்தால் மக்களிடையே பீதி கிளம்பும் என்று மையம் ஆராய்ந்து கண்டுபிடித்திருந்தது. ஆக, ஒரு கிணறும் அதன் தண்ணீரும் நேருக்கு நேர் சந்திக்கிற ஒரே இடம் பைண்டரின் மேசை. அங்கே படிக்கத் தெரிந்தும் படிக்காத ஒருவர் உட்கார்ந்திருந்தது மையத்துக்கு மிகவும் வசதியாக இருந்தது.

இந்த முறை தாள்கள் அச்சாகி வந்து இரண்டு மாதமாகிவிட்டது. அட்டைதான் வரவில்லை. தண்ணீரைப் பற்றிய புத்தகத்துக்கு நீல அட்டை என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. எந்த நீலம் என்பதில்தான் சிக்கல். பூமிக்கு அடியில் இருட்டு, ஆகவே கருநீலம் என்றார் நிலத்தடிப் பிரிவின் தலைவர். வானம் தெரிவது எங்கள் தண்ணீரில்தான், ஆகவே இளநீலம் என்றார் மேற்பரப்புப் பிரிவின் தலைவர். எதிரெதிர் அறையில் இருந்த இருவரும் பேச்சை நிறுத்திக் கடிதம் எழுத ஆரம்பித்தார்கள். எட்டு விதமான நீலத்தை வரிசையாக ஒட்டி எண் போட்ட மாதிரி அட்டை ஒன்று மட்டும் பைண்டரிடம் வந்து சேர்ந்தது. 'எண் இறுதி செய்யப்பட்டதும் தெரிவிக்கப்படும்' என்று அதில் முத்திரை வேறு. அதைச் சுவரில் ஆணியடித்து மாட்டினார். தினமும் கடையைத் திறந்ததும் அவர் கண்ணில் படுவது அந்த எட்டு நீலம்தான்.

கடை என்றால் வீட்டின் முன்னறைதான். தாள் கட்டுகள் அங்கே இடுப்பளவுக்கு அடுக்கியிருந்தன. பிரசவத்துக்கு வந்த மகள் பின்னறையில் இருந்தாள். அவளுக்குக் காய்ச்சல் வந்து மருந்து சாப்பிட்டதில் தாய்ப்பால் நின்றுபோய், குழந்தைக்கு மாவுப்பால் கொடுத்தார்கள். பைண்டரின் மனைவி கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சி, ஆற்றி, மாவைக் கலக்கி, பாட்டிலைக் கைக்கு வாகாக இருந்த தாள் கட்டின் மேல் வைப்பாள். அது மூன்றாம் தொகுதி.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பேத்தியைத் தூக்கிக்கொண்டு முன்னறை வெளிச்சத்துக்கு வந்த பைண்டருக்கு என்னவோ போல் இருந்தது. குழந்தையின் உதட்டைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். மறுபடி உதட்டைப் பார்த்தார்.

"இங்க வாயேன்," என்று மனைவியைக் கூப்பிட்டார். "குட்டி உதடு மூணாம் நம்பர்ல இருக்கு."

"காலங்காத்தால என்ன உளர்றீங்க?"

"அந்த அட்டையில மூணாவது நீலம். பக்கத்துல வெச்சுப் பாரு."

பார்த்தாள். அடுத்த நிமிஷம் செருப்புகூடப் போடாமல் வண்டி பிடிக்கத் தெருமுனைக்கு ஓடினாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா குழந்தையின் நகத்தை அழுத்திப் பார்த்தார், மார்பில் குழலை வைத்துக் கேட்டார், பிறகு கேட்ட முதல் கேள்வி, "என்ன தண்ணி குடுக்கறீங்க?" என்பதுதான்.

"கிணத்துத் தண்ணிதான். நல்லாக் காய்ச்சித்தான் குடுத்தோம்," என்றாள் மனைவி.

"காய்ச்சினா கிருமி சாகும்மா. நைட்ரேட் சாகாது. தண்ணி சுண்டச் சுண்ட இன்னும் கெட்டியாத்தான் ஆகும்." டாக்டரம்மா பைண்டர் பக்கம் திரும்பினார். "தண்ணியில அது அதிகமா இருந்தா கைக்குழந்தைக்கு இப்படி நீலம் பாரிக்கும். அதுதான் காரணம்னா மருந்து இங்கயே இருக்கு, சாயங்காலத்துக்குள்ள நிறம் திரும்பிடும். இதயத்துல கோளாறுன்னா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும். ஆறு மணி நேரம் போகணும், இவ தாங்குவாளான்னு நான் சொல்ல முடியாது. ரத்தத்துல பார்த்துச் சொல்ற மெஷின் இங்க இல்ல. உங்க கிணத்துத் தண்ணியில எவ்வளவு இருக்குன்னு நாலு மணிக்குள்ள தெரிஞ்சா எனக்குப் போதும்."

பைண்டருக்கு ஒரு தெம்பு வந்தது. தண்ணீரை ஆராய்வதற்கென்றே நாலு மாடிக் கட்டிடம் கட்டி வைத்திருக்கிறார்கள், அவர்களுக்கு முப்பது வருஷமாகப் புத்தகம் கட்டிக் கொடுப்பவர் இவர். ஒரு பாட்டிலைக் கழுவிக் கிணற்றுத் தண்ணீரை நிரப்பிக்கொண்டு பத்து மணிக்கெல்லாம் மையத்துக்குப் போய்விட்டார்.

வரவேற்பறையில் ஒரு படிவம் கொடுத்தார்கள். வருகையின் நோக்கம் என்ற இடத்தில் மூன்று கட்டங்கள் இருந்தன: கல்விச் சுற்றுலா, ஒப்பந்தப்புள்ளி, பாராட்டு. தண்ணீரைச் சோதிக்க என்று ஒரு கட்டம் இல்லையா என்று கேட்டார். அந்த நோக்கத்தோடு இதுவரை யாரும் வந்ததில்லை என்றார் வரவேற்பாளர். மூன்றில் எது சீக்கிரம் உள்ளே விடும் என்று விசாரித்துப் பாராட்டில் குறியிட்டார்.

நிலத்தடித் தலைவர் எழுந்து நின்று வரவேற்றார். "பாராட்ட வந்திருக்கீங்களாமே. தயங்காம சொல்லுங்க."

பைண்டர் பாட்டிலை மேசையில் வைத்து விஷயத்தைச் சொன்னார். தலைவரின் முகம் சுருங்கியது. பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது மேல வந்துடுச்சே."

"கிணத்துத் தண்ணி சார்."

"கிணத்துக்குள்ள இருந்தவரைக்கும் எங்க தண்ணி. வாளியில ஏறி வெளிச்சம் பட்டதும் எங்க கையைவிட்டுப் போயிடுச்சு. எதிர் ரூமுக்குப் போங்க."

எதிர் அறையில் மேற்பரப்புத் தலைவர் பாட்டிலைத் தொடக்கூட இல்லை. "ஓடுதா இது? ஓடல. தேங்கியிருக்கா? தேங்கியிருக்குன்னா அது ஏரியா, குளமா, அணையா? எங்க பட்டியல்ல பாட்டில் இல்லீங்க. அவருகிட்டயே போங்க. நான் அனுப்பினேன்னு மட்டும் சொல்லாதீங்க, நாங்க பேசிக்கிறதில்ல."

இப்படியாக இரண்டு அறைக்கும் நடுவே ஐந்து தடவை பந்தாடப்பட்டார் பைண்டர். ஆறாவது தடவை நிலத்தடித் தலைவர் எரிச்சலோடு முகவரியைக் கேட்டார், யாருக்கோ தொலைபேசியில் பேசினார், முகம் மலர்ந்தார்.

"உங்க கிணறு ஏற்கெனவே நம்ம கண்காணிப்புக் கிணறுங்க! மாசா மாசம் நம்ம ஆளு வந்து நாடா விட்டு ஆழம் பார்த்து, தண்ணி எடுத்துட்டுப் போறாரே?"

"ஆமா சார். ஆழம்தான் பார்க்கிறாருன்னு நினைச்சேன். அப்பப்ப காபிகூடக் குடுத்திருக்கோம்."

"எந்தத் தண்ணியில?"

"அந்தத் தண்ணியிலதான்."

தலைவர் அந்தப் பேச்சைத் தொடரவில்லை. "அஞ்சு வருஷமா ஆய்வுல இருக்கிற கிணறு. இப்ப மறுபடி சோதிச்சா அது இரட்டை ஆய்வு. விதியில இடமில்ல."

"அப்ப அந்த அஞ்சு வருஷத்து முடிவைச் சொல்லுங்க சார். குழந்தை உயிருக்குப் போராடுது."

"முடிவெல்லாம் டைப்பிங் அறையில."

டைப்பிங் அறை மாடிப்படிக்கு அடியில் இருந்தது. மூன்றாம் தொகுதியைத் தட்டச்சு செய்யும் எழுத்தர் அங்கே தனியாக உட்கார்ந்திருந்தார். தடிமனான கண்ணாடி, மெல்லிய குரல். அந்தக் கட்டிடத்திலேயே பைண்டரை உட்காரச் சொன்ன முதல் ஆள் அவர்தான்.

"எனக்கு எண்ணு தெரியும், அளவு தெரியும். எந்த எண்ணு யாரு வீடுன்னு தெரியாதுங்க. அது ரெண்டாம் தொகுதி. அவங்க மூணாவது மாடி. நாங்க லிஃப்ட்டுல சேர்ந்துகூடப் போகக் கூடாது," என்றார் எழுத்தர். "வரம்பைத் தாண்டின கிணத்துக்கெல்லாம் கடைசிக் கட்டத்துல 'உரிமையாளருக்குத் தெரிவிக்கப்பட வேண்டும்'னு நான்தான் அடிப்பேன். அஞ்சு வருஷமா அடிக்கிறேன்."

"யாரு தெரிவிப்பாங்க?"

எழுத்தர் யோசித்தார். இதுவரை யோசித்ததில்லை என்பது அவர் யோசித்த விதத்திலேயே தெரிந்தது. பிறகு பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து நீட்டினார். "குடிங்க, வேர்த்துக் கொட்டுது உங்களுக்கு. வீட்டுத் தண்ணி, காய்ச்சினது. வீட்டுல மாசமா இருக்காங்க, அதனால நாங்க காய்ச்சாம எதையும் குடிக்கிறதில்ல. இயக்குநரைப் பாருங்க, அவரு சொன்னா நடக்கும்."

மணி ஒன்றரை. இயக்குநர் பைண்டரை அரை மணி நேரம் காக்கவைத்துவிட்டு, பாராட்டுப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே அழைத்தார். அறையின் ஒரு சுவர் முழுக்க வட்டாரத்தின் வரைபடம். மேசையில் வேறு வட்டாரத்திலிருந்து வந்த குடிநீர் பாட்டில்.

"நம்ம வட்டாரத்தில் நைட்ரேட்டின் சராசரி முப்பத்தெட்டு," என்றார் இயக்குநர். அவர் தனியாளிடமும் மேடையில் பேசுவது போலத்தான் பேசுவார். "அனுமதிக்கப்பட்ட வரம்பு நாற்பத்தைந்து. ஆகவே நம் வட்டாரம் குடிக்கத் தகுந்த வட்டாரம். இதை நான் மூன்று மாநாடுகளில் நிரூபித்திருக்கிறேன்."

"நான் வட்டாரத்தைக் குடிக்கலையே சார். என் கிணத்தைத்தானே குடிக்கிறேன்."

இயக்குநர் பெருமூச்சு விட்டார். "இப்படி ஒவ்வொருத்தரும் தன் கிணறு, தன் கிணறு என்று சிந்திப்பதுதான் அறிவியலுக்கு இருக்கிற பெரிய தடை. தண்ணீர் என்பது பொதுச் சொத்து. அதன் தரமும் பொதுவானதுதான். நாங்கள் இருநூற்றுப் பன்னிரண்டு கிணறுகளை ஆராய்கிறோம். யாருடைய கிணறு என்று பார்த்து ஆராய்ந்தால் அது பாரபட்சம் இல்லையா? இந்த மையம் தொடங்கி இத்தனை ஆண்டுகளில் ஒரே ஒரு மனிதனுக்குக்கூட நாங்கள் தனிப்பட்ட முறையில் பயன்பட்டதில்லை. அதை நான் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன்."

"என் கிணத்து அளவை மட்டும் சொல்லுங்க சார். கும்பிட்டுக் கேட்கிறேன்."

"தாராளமாக. அறிக்கை வெளியானதும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். எங்களிடம் ஒளிவு மறைவே கிடையாது."

"எப்ப சார் வெளியாகும்?"

இயக்குநர் கோப்பைப் புரட்டினார். "எப்போதோ வெளியாகியிருக்க வேண்டும். இரண்டு மாதமாக ஒரே இடத்தில் தேங்கிக் கிடக்கிறது. இங்கே எழுதியிருக்கிறதே, பைண்டரிடம் உள்ளது."

பைண்டர் கும்பிட்ட கையை இறக்கினார்.

"நான்தான் சார் பைண்டர்," என்றார்.

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "ஓ. அப்படியானால் இந்தத் தாமதத்துக்குக் காரணமே நீங்கள்தானே? உங்கள் குழந்தைக்கு வேண்டிய தகவலை நீங்களே முடக்கி வைத்துவிட்டு எங்களைக் குறை சொல்ல வந்தீர்களா?"

அட்டை வரவில்லை என்று சொல்ல வாயெடுத்தார் பைண்டர். அதற்குள் கால் ஓட ஆரம்பித்துவிட்டது.

வீட்டுக்கு வந்தபோது மணி இரண்டே முக்கால். மூன்றாம் தொகுதிக் கட்டின் மேல் காலையில் வைத்த பால் பாட்டில் அப்படியே இருந்தது. அதை எடுத்துக் கீழே வைத்துவிட்டுக் கட்டைப் பிரித்தார். முப்பது வருஷத்தில் முதல்முறையாக ஒரு புத்தகத்தைப் படித்தார். இரண்டாம் தொகுதி, எழுபதாம் பக்கம்: அவர் தெரு, அவர் வீடு, எண் நாற்பத்து மூன்று. மூன்றாம் தொகுதி, எண் நாற்பத்து மூன்று: ஐந்து வருஷத்துக்கு ஐந்து கட்டங்கள், எழுபத்தொன்று, எண்பத்தாறு, தொண்ணூறு, நூற்று நான்கு, நூற்றுப் பதினெட்டு. கடைசிக் கட்டத்தில் எழுத்தர் பிழையில்லாமல் அடித்திருந்தார்: உரிமையாளருக்குத் தெரிவிக்கப்பட வேண்டும்.

அந்த இடத்தில் பாட்டில் வைத்த வட்டமான ஈரத் தடம் ஒன்றும் இருந்தது. தாளை நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

டாக்டரம்மா தாளைப் பார்த்தார், மருந்தை ஏற்றினார். ஐந்து மணிக்குக் குழந்தையின் உதடு மூன்றாம் எண்ணிலிருந்து இரண்டுக்கு வந்தது, ஆறரைக்கு ஒன்றாம் எண்ணையும் தாண்டி எந்த அட்டையிலும் இல்லாத நிறத்துக்குத் திரும்பியது. மகள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். பைண்டருக்கு அழுகை வரவில்லை, வெட்கம்தான் வந்தது.

"ரெண்டு மாசமா வீட்டுக்குள்ளயே வெச்சிருந்திருக்கீங்க," என்றாள் மனைவி. "அது மேலயே பால் பாட்டிலை வெச்சிருக்கேன் நான். ஒரு நாள், ஒரே ஒரு நாள் புரட்டிப் பார்த்திருந்தா என்ன?"

"பைண்டர் படிக்கக் கூடாதும்மா."

"நல்ல பைண்டர்!" என்றாள். அதற்கப்புறம் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

அவர் தெருவில் கண்காணிப்புக் கிணறுகள் மொத்தம் ஆறு. ஆறும் அந்த ஒரே தாளில் இருந்தன, ஆறும் வரம்பைத் தாண்டியிருந்தன. கிழிந்தால் மாற்றிக்கொள்வதற்காக ஒவ்வொரு தாளிலும் இருபது பிரதி கூடுதலாக அச்சடித்து அனுப்புவார்கள். அவற்றில் ஆறை எடுத்து, சொந்தப் பசையால், ஒவ்வொரு கிணற்றுச் சுவரிலும் ஒட்டி, அந்தந்த வீட்டுக் கிணற்றின் எண்ணை வட்டம் போட்டுக் காட்டினார் பைண்டர். தெருவே கிணற்றுக்கு மூடி போட்டுவிட்டு லாரித் தண்ணீருக்கு மாறியது.

"மத்த தெருவுக்கெல்லாம்?" என்று கேட்டாள் மனைவி, மூன்றாம் நாள் பேச ஆரம்பித்ததும்.

"அது மையத்தோட வேலை," என்றார் பைண்டர். சொன்ன பிறகு அவருக்கே அது எங்கோ கேட்ட பேச்சு போல இருந்தது. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து மீதித் தாள்களைப் பார்க்கலாம் என்று நினைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே வெள்ளி வந்தது. மையத்தின் ஆட்கள் இரண்டு வண்டியில் வந்து மூன்று தொகுதிகளையும் ஒரு தாள் விடாமல் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதிகாரபூர்வமாக வெளியாகாத தண்ணீர் விவரத்தைப் பொதுச் சுவரில் ஒட்டியது, ஆய்வு மையத்தின் சொத்தைப் படித்தது என்று இரண்டு குற்றங்களுக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதமும் கொடுத்தார்கள். படித்தது உண்மைதான், மன்னிக்கவும் என்று பைண்டர் பதில் எழுதினார். ஊரில் வேறு பைண்டர் இல்லாததால் மன்னித்தார்கள்.

இதற்கிடையில் அந்தத் தெருவுக்கு நாடாவோடு வந்த கண்காணிப்பாளர் அதிசயித்துப்போனார். ஆறு கிணற்றிலும் தண்ணீர் ஓர் ஆள் உயரம் ஏறியிருந்தது. யாரும் இறைக்காத கிணற்றில் தண்ணீர் ஏறும் என்பது யாருக்கும் தெரிந்த விஷயம். மையத்துக்கு அது புதிய கண்டுபிடிப்பு. இயக்குநர் விழா எடுத்தார்.

"வட்டாரமே வறண்டுகொண்டிருக்கும்போது ஒரு தெருவில் மட்டும் நீர்மட்டம் உயர்ந்தது எப்படி?" என்று மேடையில் கேட்டார் இயக்குநர். "அங்கே ஆறு கிணறுகளை நாங்கள் ஐந்து ஆண்டுகளாக இடைவிடாமல் கண்காணித்தோம். கண்காணிக்கக் கண்காணிக்க நீர் பெருகுகிறது! வேறெந்தச் செலவும் இல்லை. இந்தச் சாதனையை ஒரு தனி அத்தியாயமாகச் சேர்த்து அறிக்கையின் திருத்திய பதிப்பைக் கொண்டுவருவோம்."

கைதட்டினார்கள். பைண்டரும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கை தட்டினாரா என்று தெரியவில்லை.

திருத்திய பதிப்பு அச்சாகி வர ஏழு மாதமாயிற்று. அட்டை அப்போதும் வரவில்லை. எண் நான்கா ஆறா என்ற அளவுக்குச் சமரசம் நெருங்கியிருப்பதாகக் கேள்வி. ஆனால் இந்த முறை தாள் கட்டுகளோடு ஓர் அதிகாரியும் வந்தார். பைண்டர் படித்துவிடாமல் பார்த்துக்கொள்ள மையம் புதிதாக ஒரு பதவியை உண்டாக்கியிருந்தது, வாசிப்புத் தடுப்பு அலுவலர். மூன்றாம் தொகுதியை ஏற்கெனவே பார்த்தவர், ஆகவே புதிதாக எதுவும் தெரிந்துகொள்ள வாய்ப்பில்லாதவர் என்ற தகுதியின் பேரில் எழுத்தரையே அந்தப் பதவிக்குப் போட்டிருந்தார்கள். இரண்டாம் தொகுதியை அவரே பார்த்துவிட்டால் என்ன என்று யாருக்கும் தோன்றவில்லை.

"தப்பா எடுத்துக்காதீங்க," என்றார் எழுத்தர், ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தபடி. "உங்க கண்ணு எங்க போகுதுன்னு அரை மணிக்கொரு தடவை நான் எழுதிவைக்கணும். பேத்தி எப்படி இருக்கா?"

"தவழுறா. உங்க வீட்டுல?"

எழுத்தரின் முகம் முழுக்கச் சிரிப்பு. "பையன். ரெண்டு மாசம் முடிஞ்சுது. ராத்திரியெல்லாம் தூங்க விடறதில்ல." பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து மேசை ஓரத்தில் வைத்தார். "குடிக்கிறீங்களா? வீட்டுத் தண்ணி. காய்ச்சினது."

பைண்டர் தாளை மடிக்க ஆரம்பித்தார். கண்ணைக் கையின் மேலேயே வைத்துக்கொண்டார், எழுத்தர் அதை நேர்மையாகக் குறித்துக்கொண்டார். ஒரு மணி நேரம் போயிருக்கும். இரண்டாம் தொகுதியின் தாள் ஒன்று காற்றில் பறந்து ஸ்டூலின் கீழே விழுந்தது. எழுத்தர் குனிந்து எடுத்தார். கொடுக்க நீட்டிய கை பாதியிலேயே நின்றது.

"இது எங்க தெரு," என்றார்.

பைண்டர் கண்ணைக் கையிலிருந்து எடுக்கவில்லை. படிக்கக் கூடாது.

"எங்க வீடுங்க. மாசா மாசம் நம்ம ஆளு வருவாரு, நாடா விடுவாரு. நம்ம மையமே பார்க்கிற கிணறு, அதனால நல்ல தண்ணியாத்தான் இருக்கும்னு..." எழுத்தர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மறுபடி பார்த்தார். "எண் அறுபத்தொண்ணு."

மூன்றாம் தொகுதியைப் பிரிக்க வேண்டிய தேவையே அவருக்கு இருக்கவில்லை. அந்தப் பக்கங்களை ஐந்து வருஷமாக அடித்தவர். உதடு மட்டும் அசைந்தது. "நூத்தி முப்பத்தொண்ணு. உரிமையாளருக்குத் தெரிவிக்கப்பட..."

பைண்டர் ஊசியைக் கீழே வைத்தார். ஏழு மாதத்துக்கு முன் இந்தத் தாள் அவர் வீட்டில்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்று வைத்த தாள்.

"பையனுக்கு என்ன பாலு?" என்று கேட்டார்.

"பத்து நாளா மாவுப்பால்தான். அவளுக்குப் பால் பத்தல. நல்லாக் காய்ச்சித்தாங்க..." எழுத்தர் மேசை ஓரத்திலிருந்த பாட்டிலைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையில் தடவித் தடவிப் போனை எடுத்தார். மூன்று தடவை தவறான எண்ணை அழுத்தினார். நாலாவது தடவை மனைவி எடுத்தாள்.

"ஒண்ணும் இல்லம்மா, ஒண்ணும் இல்ல. பையனை வெளிச்சத்துக்குத் தூக்கிட்டு வா. உதட்டைப் பாரு. என்ன கலர்ல இருக்கு?"

போனில் ஒரு கதவு திறக்கிற சத்தமும், குழந்தை சிணுங்குகிற சத்தமும், பிறகு அவள் குரலும் கேட்டன. என்ன சொன்னாள் என்பது பைண்டருக்கும் தெளிவாகக் கேட்டது.

எழுத்தரின் கண் சுவரில் தொங்கிய மாதிரி அட்டைக்குப் போனது. பாவம், பன்னிரண்டு வருஷ உத்தியோகம், அவர் வாயில் அந்த நேரத்தில் வேறு வார்த்தை வரவில்லை.

"எந்த நீலம்?" என்று கேட்டார். "இளநீலமா, கருநீலமா?"

பைண்டர் எழுந்துபோய் அவர் கையிலிருந்து போனை வாங்கினார்.

"எந்த நீலமா இருந்தாலும் சரிம்மா," என்றார். "பாட்டிலைக் கீழ வெச்சுட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு. நைட்ரேட் நூத்தி முப்பத்தொண்ணுன்னு டாக்டரம்மாகிட்ட சொல்லு. இவரும் இப்பவே வராரு."